ரெக்கார்டு அறைக் கூரையில் நூற்று நாற்பத்தேழு

மாலை ஆறு பத்துக்கு எனக்கு வேலை முடியும். என் பேருந்து ஆறு ஐம்பதுக்கு. இடையில் கிடைக்கும் நாற்பது நிமிடத்தை நான்கு வருடமாக ஒரே ஒரு வேலைக்குத்தான் செலவழித்தேன். மருத்துவமனை ரெக்கார்டு அறையின் பின்சுவரும் ஓட்டுக் கூரையும் சேரும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் உண்டு. அதிலிருந்து வெளியே வரும் வவ்வால்களை எண்ணுவதுதான் அந்த வேலை.

பழம் தின்னும் பெரிய ஜாதி இல்லை. பூச்சி பிடிக்கும் சின்ன ஜாதி. உடம்பு என் கட்டைவிரல் அளவுதான். முதலில் ஒன்று வந்து எட்டிப் பார்க்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு வரும். அப்புறம் மருந்துக் கவுண்டரில் டோக்கன் கூப்பிட்ட மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளுமுள்ளு இல்லாமல் வரும். நான் எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பழைய புறநோயாளிப் பதிவேட்டின் பின்பக்கங்களில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே இருப்பேன். மழை கொட்டிய ஒரு நாள் ஒன்றுகூட வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. லேப்பில் இருப்பவர்கள் எனக்கு "வவ்வால் மேடம்" என்று பேர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். மற்ற இரண்டு கட்டடத்திலும் கொசு கடிக்கிறது, எங்கள் கட்டடத்தில் கடிப்பதில்லை என்பதை நான் மட்டும்தான் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் ஃபைல்களை வார எண் போட்டுத்தான் அடுக்குவோம். வவ்வால் கணக்கையும் அப்படியே எழுதினேன். ஒவ்வொரு வருடமும் இருபத்தெட்டாவது வாரத்தில் எண்ணிக்கை திடீரென்று அறுபத்தைந்து, எழுபது கூடும். பிறகு மெல்லக் குறையும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் சிவப்பு மையில் "விருந்தாளிகள் வருகை" என்று எழுதுவேன். நான்கு வருடத்திலும் நான்கு தடவை எழுதியிருக்கிறேன், என்னமோ நானே பந்தி போட்ட மாதிரி.

இந்த வருடம் இருபத்துமூன்றாவது வாரத்தில் எங்கள் சூப்பிரண்டு கூப்பிட்டார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காரும் மனிதர். அடுத்த செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். மேல் தட்டு ஃபைல்களில் வவ்வால் புழுக்கை.

"மருந்தடிக்கிற ஆளை வரச் சொல்லிட்டேன் மேடம். புகை போட்டு, பவுடர் தூவி, ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

"சார், புகை போட்டா எல்லாம் உள்ளயே செத்து விழும். ஆறு மாசத்துக்கு நாத்தம் போகாது."

உயிர் என்று சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது. நாற்றம் என்றதும் நிமிர்ந்தார். "அப்ப வேற என்ன பண்ணலாம்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுப்பதில் நான் குறை வைத்தது கிடையாது. இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு கையேட்டில் படித்திருந்த முறை. மற்ற ஓட்டைகளைச் சாந்து வைத்து அடைத்துவிட வேண்டும். பெரிய விரிசலுக்கு முன்னால் நைலான் வலையை மேலேயும் பக்கவாட்டிலும் மரச்சட்டப் பட்டை வைத்து ஆணியடித்து, கீழே மட்டும் திறந்து தொங்கவிட வேண்டும். வெளியே வருகிற வவ்வால் சுவரோடு ஊர்ந்து கீழ் வழியாகப் பறந்துவிடும். திரும்பி வரும்போது நேரே விரிசலுக்கு வரும், வலை தடுக்கும், வேறு இடம் தேடிப் போய்விடும். ஒன்றும் சாகாது.

குட்டி போடும் பருவத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது என்று அதே கையேட்டில் ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்காமல் விடவில்லை. படித்துவிட்டு, என் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு, கடிதத்தில் இப்படி எழுதினேன்: "இக்கூரையில் அவை குட்டி போடுவதாக நான்கு ஆண்டுப் பதிவில் எங்கும் காணப்படவில்லை. எனவே தடை ஏதுமில்லை." கீழே கையெழுத்து, தேதி.

"ஆள் இருக்கா?" என்று கேட்டார் சூப்பிரண்டு. என் தம்பி கொத்தனார் என்று சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து அவனுக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறது. ஏற முடியாது. இரண்டு ஆட்களை வைத்து, கீழே நின்று வேலை வாங்குவான். விழுந்த பிறகு இந்த மாதிரிப் பெரிய கட்டடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

புதன்கிழமை மத்தியானம் வலை ஏறியது. தம்பி கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே என்னைச் சீண்டினான்.

"ஏன்க்கா, பெத்த பிள்ளை மாதிரி தினம் எண்ணிக்கிட்டு இருந்தே. இப்ப நீயே வெளியே தள்ளுறியே?"

"புகைக்கு இது தேவலடா."

"வாடகை வீட்டைக் காலி பண்ற மாதிரின்னு சொல்லு. நாமளாவது சட்டி பானையை எடுத்துக்க ஒரு நாள் டைம் குடுப்போம்."

"அதுங்களுக்கு ஏதுடா சட்டி பானை? வெறுங்கையோட வந்தது, வெறுங்கையோட போகும்."

அன்று மாலை ஆறரைக்குத் தொடங்கி நூற்று நாற்பத்தேழு வெளியே வந்தன. ஒன்றும் வலையில் சிக்கவில்லை. கோடு போட்டு முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் ஒரு வேலையை முறையாகச் செய்த திருப்தி இருந்தது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வந்தபோது முப்பதுக்கு மேல் வலையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மழையில் நனைந்த இலை சுவரில் ஒட்டுமே, அப்படி. மூக்கை வலைக்கண்ணில் நுழைத்து நுழைத்து எடுத்தன. வெயில் ஏறியதும் எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பலகைக்குள் போய் ஒதுங்கின. மாலையில் விரிசலிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. பூஜ்யம் என்று எழுதினேன். ஆனால் தொட்டியடியிலிருந்து எல்லாம் கிளம்பி வந்து வலையில் மோதின. பூச்சி பிடிக்கப் போகவில்லை. போவதும் வருவதும் மோதுவதுமாக இருந்தன.

"பழக்கம் விடல, பாருங்க," என்றார் காரில் ஏறப்போன சூப்பிரண்டு. "ரெண்டு நாள்ல மறந்துடும். உங்க ஐடியா பிரமாதம் மேடம்."

தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ரெக்கார்டு அறையில் மேல்தட்டுக்கு மேலே, ஓட்டுக்கு அடியில் அடித்திருக்கும் பலகைக்கு அப்பால் ஒரு சத்தம். பழைய நாற்காலி முனகுவது போல மெல்லியதாக, விட்டு விட்டு. வியாழக்கிழமையும் கேட்டிருந்தேன், பல்லி என்று விட்டுவிட்டேன். மத்தியானம் ஒன்று நாற்பதுக்குக் கண் பிரிவுக்காக ஒரு பழைய ஃபைல் கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். கட்டின் மேல் தோல் உரித்த நிலக்கடலை போல ஒன்று கிடந்தது. யார் இங்கே தின்றார்கள் என்று எரிச்சலோடு கையை நீட்டினேன். அது முழங்கையை மடக்கியது.

முடி இல்லை. கண் திறக்கவில்லை. பின்னங்கால் நகங்கள் கட்டின் நூலைப் பிடித்திருந்தன. பலகை இடுக்குக்கு நேர் கீழே இன்னும் இரண்டு கிடந்தன. அவை அசையவில்லை.

கையுறை போட்டு, உயிரோடு இருந்ததை ஊசிமருந்துப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கிடத்தினேன். அதன் பிறகு பதிவேட்டைத் திறந்தேன். சிவப்பு மை நாலு இடத்திலும் பளிச்சென்று இருந்தது. விருந்தாளிகள் எந்த ஊரிலிருந்தும் வந்தவர்கள் இல்லை. இந்தப் பலகைக்கு மேலேயே பிறந்து, ஐந்து வாரம் பால் குடித்து, இருபத்தெட்டாவது வாரத்தில் தாயோடு முதல்முறை வெளியே பறந்தவை. நான்கு வருடம் நானே எழுதி, நானே கோடு போட்டு, ஒரு தடவைகூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

புதன் மாலை ஆறரையிலிருந்து கணக்குப் போட்டேன். நாற்பத்துமூன்று மணி, பத்து நிமிடம். அவ்வளவு நேரமாக மேலே அறுபத்தைந்துக்குக் குறையாமல் குட்டிகள் பால் இல்லாமல் கிடக்கின்றன. தாய்கள் எட்டடி தள்ளித் தொட்டியடியில். நடுவில் என் வலை.

தெருமுனையில் இருக்கும் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

"டாக்டர், கண் திறக்காத குட்டி, ரெண்டு நாளா பால் இல்ல. எவ்வளவு நேரம் தாங்கும்?"

"எந்தக் குட்டிம்மா?"

"வவ்வால்."

"நான் மாடு, ஆடு, மிஞ்சிப்போனா நாய் பாக்கறவன்மா. வவ்வாலுக்கு மடி எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது." பிறகு குரல் மாறியது. "உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"தாய்கிட்ட விடு. இன்னிக்கு ராத்திரியைத் தாண்டாது. பஞ்சுல பால் நனைச்சு ஊத்தறேன்னு ஆரம்பிச்சிடாதே, மூச்சுக்குள்ள போயிடும்."

சூப்பிரண்டு அறைக்கு ஓடினேன். அவர் கேட்டுவிட்டு என் கடிதம் இருக்கும் ஃபைலை எடுத்தார். நான் ஒழுங்காக வைத்த ஃபைல் என்பதால் ஒரு நொடியில் கிடைத்தது.

"'நான்கு ஆண்டுப் பதிவில் எங்கும் காணப்படவில்லை.' உங்க கையெழுத்துதானே மேடம்?"

"தப்பு சார். நான் தப்பா எழுதிட்டேன். வலையை இன்னிக்கே எடுக்கணும்."

"செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். புதன்கிழமை வாங்க, பேசலாம்."

"புதன்கிழமை வெறும் பொணந்தான் சார் இருக்கும்."

"அப்படிப் பாத்தா நான் அன்னிக்கே புகை போட்டு முடிச்சிருப்பேனே!" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். "எனக்கு மட்டும் இது சந்தோஷமா? ஆனா எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எழுதியும் தரமாட்டேன். நீங்க எடுத்தா அது உங்க பாடு."

நான் அப்போது செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மேசைக்குத் திரும்பி இன்னொரு கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, தேதி எல்லாம் போட்டு, அவருக்கு ஒன்று, அவருக்கு மேலே உள்ளவருக்கு ஒன்று. நகல் எடுக்கத் தொடங்கியபோது பெட்டிக்குள் இருந்தது வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. காலையில் சத்தம் இருந்தது. பேனாவை மூடினேன்.

மீதிச் சாந்து வேலைக்காகத் தம்பி தன் ஏணியைக் கட்டடத்தின் பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். சாவி அவனிடம். போனில் விஷயத்தைச் சொன்னேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து ஐம்பது.

"அக்கா, கொஞ்சம் நிதானமா யோசி. மூணு நாள்கூட ஆகல நான் கட்டி. நானே அவுத்தா, கொத்தனாருக்குக் கால் மட்டுமில்ல, மூளையும் நொண்டிப் போச்சும்பானுங்க. இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் ஓடு மாத்தற வேலையும் எனக்குத்தான்னு சொல்லியிருக்காரு."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கறே."

"தெரிஞ்சுதான்டா கேக்கறேன்."

"குட்டி இல்லேன்னு லெட்டர்ல எழுதினது யாரு? நீதானே?"

"நான்தான்."

நான் ஏதாவது சாக்குச் சொல்வேன், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று வந்திருப்பான் போல. ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டதில் அதற்கு வழியில்லாமல் போயிற்று. பெட்டியைத் திறந்து நீட்டினேன். பஞ்சின் ஒரு இழை அதன் வாயில் இருந்தது. உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். "நகம்கூட இருக்குக்கா," என்றான். சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தான். "ஆளுங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயாச்சு. நான் ரெண்டு படி ஏறினா மூணாவது படியில ஆம்புலன்ஸ்தான்."

"நான் ஏறறேன்."

"நீயா? பரண்ல ஏறிச் சாமான் எடுக்கச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவே."

"பேசாம ஏணியைப் பிடி."

ஃபைல் நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குட்டியைப் பஞ்சோடு ஒரு துணிப்பையில் வைத்து அதையும் கழுத்தில் மாட்டினேன். புடவையை இழுத்துச் செருகினேன். ஐம்பத்துமூன்று வயதில் முதல் தடவையாக ஏணி ஏறினேன்.

"கீழே பாக்காதே. படியை மட்டும் எண்ணு. எண்றதுதான் உனக்கு நல்லா வருமே!"

பதினொன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொட்டியடியிலிருந்து அவை கிளம்பின. என் தலையைச் சுற்றி, காதோரம், கன்னத்தோரம் இறக்கைக் காற்று. ஒன்றுகூட என்மேல் இடிக்கவில்லை. அவற்றுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. வலையில் மோதிப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து, மூக்கை நுழைத்தன. எனக்கு அப்படி நிற்க நேரமில்லை என்று புரிந்தது.

"இன்னும் ஏழு படிக்கா. ஏழே ஏழு."

மேலே போய்க் கத்தரியை வைத்தால் நைலான் வெட்டுப்படவில்லை. காகித நூல் வெட்டுகிற கத்தரி அது. ஒரு கண்ணுக்கு நாலு தடவை கடிக்க வேண்டியிருந்தது. ஒரு தாய் நான் பாதி வெட்டிய இடத்தில் தலையை விட்டு மாட்டிக்கொண்டு துடித்தது. கையுறை விரலால் இழையை விலக்கி விடுவித்தேன். விடுவித்ததும் பறக்கவில்லை, மறுபடியும் அதே ஓட்டைக்குத்தான் வந்தது.

"வெட்டாதே! இழு! இடது பக்கப் பட்டைக்கு ரெண்டே ஆணிதான்!" கீழேயிருந்து கத்தினான்.

ஏணியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் பட்டையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். ஆணியோடு பெயர்ந்து பட்டை கீழே போய் அவன் தோளில் விழுந்தது. "அம்மா!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஏணி மட்டும் ஆடவில்லை.

வலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவை உள்ளே பாய்ந்தன. வெளியே வரும்போது இருக்கும் அந்த டோக்கன் வரிசையெல்லாம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நெருக்கிக்கொண்டு போயின. கூட்டம் குறைந்ததும் துணிப்பையிலிருந்து குட்டியை எடுத்து விரிசலின் விளிம்பில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அது அங்கே இல்லை. எடுத்துக்கொண்டு போனது அதன் தாய்தானா என்று எனக்குத் தெரியாது.

உள்ளே கீச்சொலி கிளம்பியது. பத்து இடத்தில், இருபது இடத்தில். தம்பி கீழேயிருந்து, "சத்தம் கேக்குதுக்கா! கேக்குது!" என்றான். நானும் இறங்கிவிடலாம் என்று ஒரு காலைக் கீழே வைத்தேன். அப்போதுதான் சில தாய்கள் வெளியே வந்தன. சுவரில் ஒரு நிமிடம் தொங்கிவிட்டு மறுபடியும் உள்ளே போயின. திரும்பவும் வந்தன. திரும்பவும் போயின. பேருந்து வந்து போன சத்தம் கேட்டது. அவை வந்துபோவது நிற்கவில்லை. அவற்றை மட்டும் நான் எண்ணவில்லை.

மறுநாள் பலகையைத் தட்டிக் கழற்றிப் பார்த்ததில், முந்தின நாள் கிடந்த இரண்டோடு சேர்த்து முப்பத்தெட்டு செத்த குட்டிகள் கிடைத்தன. வெள்ளைத்தாள் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தொட்டிக்குப் பின்னால் தம்பி தோண்டிய குழியில் போட்டோம். பதிவேட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. தவறானால் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பக்கத்திலும் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் "குட்டிகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் காபி குடித்தார்கள், கழிப்பறையைப் பார்த்தார்கள், போனார்கள். கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு மெமோ வந்தது. ரெக்கார்டு அறையிலிருந்து ஊருக்கு அந்தப்பக்கம் இருக்கும் கிளையின் துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓடு மாற்றும் வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அது வருடக் கடைசியில்தான், அதற்குள் குட்டிகள் பறந்துவிடும் என்பது ஒன்றே ஆறுதல். தம்பி அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

இருபத்தெட்டாவது வாரம் வந்தது. அந்த பெஞ்சில் போய் உட்கார எனக்கு வழியில்லை. தம்பியைத்தான் கேட்டேன். "வவ்வால் எண்ற வேலைக்கு என்னையும் சேத்துட்டியா?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

நான் துணி ஸ்டோரில் மடித்த போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நாலு வருடத்திலும் அறுபத்தைந்துக்குக் குறைந்து கூடியதில்லை. முப்பத்தெட்டு போனால் மீதி இருபத்தேழு. பெரியவை நூற்று நாற்பத்தேழு. ஆகக் குறைந்தது நூற்று எழுபத்துநாலு வர வேண்டும்.

ஆறு ஐம்பதுக்குப் போன் வந்தது.

"நூத்தி அறுபத்தொண்ணுக்கா! பறக்குது எல்லாம்! சின்னச் சின்னதா, சுவத்துல இடிச்சுக்கிட்டு, நேரா போகத் தெரியாம. அன்னிக்கு உன் பெட்டியில இருந்ததுகூட இதுல இருக்கும்."

"பதிமூணு குறையுது," என்றேன்.

"என்ன பதிமூணு?"

சொன்னேன். பலகையைக் கழற்றியும் எட்டாத இடுக்குகளில் செத்துக் கிடந்திருக்கும்.

"நான் தப்பா எண்ணியிருப்பேன்க்கா. ஒரே இருட்டு. கும்பலா வேற வந்துச்சு. நாளைக்கு மறுபடி எண்றேன்."

எண்ணிக்கை தப்பாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. எடுத்தேன். பின்னால் என் பழைய பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது.

"அதேதான்க்கா," என்றான்.